பொருள்: தாங்கள் குணமடைந்தது தொடர்பாக

மெஹபூப் அலிக்கும் அவர் மனைவி அஃப்சருன்னிசாவுக்கும் நடுவே எட்டு மாதமாக ஐம்பத்து நான்கு படிகள் இருந்தன. சண்டை எதுவும் இல்லை. திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். தரைத்தளத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, மூன்றாவது மாடியில் வீடு. அவருக்குப் பதினோராவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் இறங்க முடியாது. ஆகவே அவர் கடையிலேயே பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பாடு கயிற்றில் கட்டிய கூடையில் இறங்கும், காலிப் பாத்திரம் ஏறும். பேச்செல்லாம் செல்போனில். நான் அவரிடம் பதினைந்து வருடமாகக் கண்ணாடி மாற்றுகிறவன். ஒருநாள் போனபோது, "துபாய்ல இருந்தப்பகூட அவகூட இவ்ளோ போன் பேசினதில்ல சார்" என்றார். அவர் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

அவர் நெஞ்சில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது. ஒரு பைபாஸ், இரண்டு தடவை ஸ்டென்ட், காலையில் ஒரு கை மாத்திரை, ராத்திரி ஒரு கை மாத்திரை. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வலியோடு பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அடையாற்றில் நித்யஸ்பந்தன் இதய உயர்சிகிச்சை மையம் ஒரு லேசர் கருவியை வரவழைத்தது. எதற்கும் மசியாத நெஞ்சுவலிக்கென்றே வந்த கருவி. தொடை வழியாக மெல்லிய கம்பி ஒன்றை இதயத்துக்குள் விட்டு, லேசர் ஒளியால் உள்பக்கச் சதையில் முப்பது முப்பத்தைந்து ஓட்டை போடுவார்கள். வலி போய்விடும். வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஆஃப்ரீன் இதைப் போனில் படித்துச் சொன்னாள். மெஹபூப் அலிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஓட்டை போட்டால் ஒழுகாதா?

அந்தச் சந்தேகத்தைக் கேட்பதற்கு அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. நேராகப் போய் டாக்டரைப் பார்த்துவிட முடியாது. 'அடங்கா நெஞ்சுவலித் தேர்வுக் குழு' என்று ஏழு பேர் உண்டு. வந்திருப்பது உண்மையிலேயே அடங்காத வலிதானா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். முதல் தடவை போனபோது, உட்கார்ந்தால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். உட்கார்ந்தால் அடங்கிவிடும் என்று அவர் உள்ளதைச் சொன்னார். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'வலி அடங்குகிறது. நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை விஷயம் தெரிந்தவராகப் போனார். இப்போது வேறு ஒன்று கேட்டார்கள். இதற்கு முன் செய்த சிகிச்சைகள் எல்லாம் தோற்றுவிட்டன என்று, அவற்றைச் செய்த டாக்டர்களிடமே எழுதி வாங்கி வர வேண்டும். மெஹபூப் அலி நுங்கம்பாக்கத்துக்கும் அண்ணா நகருக்கும் ஷேர் ஆட்டோவில் அலைந்தார். பைபாஸ் செய்த டாக்டர், ஆபரேஷன் மகத்தான வெற்றி என்று தலைப்புத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஸ்டென்ட் வைத்தவர் அதைவிட ஒரு படி மேலே போய், இரண்டு தடவைக்கும் தனித்தனியாக எழுதி, வெற்றி என்பதற்குக் கீழே கோடு போட்டார். அப்படியானால் வலிப்பது ஏன் என்று கேட்டதற்கு, அது நோயாளியின் சொந்த விஷயம் என்றார்கள்.

மூன்று வெற்றிச் சான்றிதழோடு அவர் மூன்றாம் தடவை போனபோது குழுவின் முகம் மாறியிருந்தது. கருவி துறைமுகத்திலிருந்து வந்து இறங்கிவிட்டது. விஜயதசமியன்று முதல் சிகிச்சை என்று அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. ஆள்தான் இல்லை. அன்றைக்கு அவர்கள் சான்றிதழ்களைப் படிக்கவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவின் தலைவர் டாக்டர் சந்திரமௌலி. மயிலாப்பூர்க்காரர், சாந்தமானவர், யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். மெஹபூப் அலியை எதிரில் உட்கார வைத்து விளக்கினார்.

"நம்ம விதி ரொம்ப சிம்பிள், பாய். எந்த ட்ரீட்மென்ட்டுக்கும் குணமாகாதவாளுக்குத்தான் இந்த ட்ரீட்மென்ட்."

"இதுல குணமாயிட்டா இன்னாங்க?"

"ஆயிட்டேள்னா, நீங்க குணமாகக்கூடியவர்னு அர்த்தம். அப்போ உங்களைச் சேத்துண்டதே தப்புன்னு ஆயிடும். அதனாலதான் நாங்க இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம்."

ஓட்டை ஒழுகாது என்றும் டாக்டர் உறுதி சொன்னார். ஓட்டை போட்டால் வலி ஏன் போகிறது என்று மெஹபூப் அலி கேட்டார். அது யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "தெரிஞ்ச ட்ரீட்மென்ட்தான் எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கே, பாய்" என்று தேற்றினார்.

மெஹபூப் அலிக்குக் கடைசியாக ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இதைச் செய்துகொண்டால் மூன்று மாடி ஏறலாமா? டாக்டர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டு பேனாவை மூடினார்.

ஆயுத பூஜையன்று காலையில் அவரை அட்மிட் செய்தார்கள். அன்று கட்டடம் முழுக்கச் சந்தன வாசனை. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் துரைராஜ் வேட்டி கட்டிக்கொண்டு, லேசர் கருவிக்கு மாலை போட்டு, அதன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கிருமித் தடுப்பு அதிகாரி ஓடிவந்து தடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்குள் வரும் எதுவும் கொதிநீராவியில் முக்கால் மணி நேரம் இருந்தாக வேண்டும் என்பது விதி. எலுமிச்சம்பழங்களை நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்தார்கள். அவை ஊறுகாய்ப் பதத்தில் வெளியே வந்தன. கருவியை அவற்றின் மேல் உருட்டியபோது சத்தமே வரவில்லை. ஆனாலும் கிருமி இல்லை என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பொட்டு வைப்பதில் துரைராஜ் கறாரான ஆள். கருவியிலிருந்து லேசர் ஒளி வெளியே வரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. கம்பியை அதில்தான் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு மூடி. மூடியின் மேல் பொட்டு வைத்தால் அது மூடிக்கு வைத்த பொட்டு, மெஷினுக்கு வைத்ததாகாது என்பது அவர் வாதம். ஆகவே மூடியைக் கழற்றி, அந்தக் கண்ணாடியின் நட்டநடுவே சந்தனத்தைத் திட்டமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்து, மறுபடி மூடினார். நோயாளிகளுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மெஹபூப் அலி அதைப் பொட்டலமாகக் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று.

மறுநாள் காலை அவரை மேஜையில் படுக்க வைத்து, தொடையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். துரைராஜ் கம்பியை மாட்டுவதற்காக மூடியைக் கழற்றினார். நாற்பது வருடமாகக் கண்ணாடி துடைக்கிறவரின் பார்வை வேறு எங்கே போகும்? ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் கடைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். வங்கிக்காரர், கணக்குப்பிள்ளை, தையல்காரர். பூஜையில் வைத்த மூக்குக்கண்ணாடியில் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது, எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். வெந்நீரில் ஊறப் போட்டுத்தான் எடுக்க முடியும்.

"டாக்டர், கண்ணாடியில சந்தனம் அப்பிக்கினு கீது. ஒரு துணி குடுங்க, நானே தொடைச்சிடறேன்" என்றார் படுத்தபடியே.

தியேட்டரில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். சந்தனம் எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தது. ஆனால் முதல் கேஸ், விஜயதசமி, நல்ல நேரம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம். அந்த நேரத்தில் பொட்டை அழிக்கும் கை யாருடைய கையாக இருக்கும்? நர்ஸ் துரைராஜைப் பார்த்தார். துரைராஜ் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் சந்திரமௌலியைப் பார்த்தார்கள். "மங்களகரமா இருக்கட்டும்" என்றார் அவர். கம்பியை அதன் மேலேயே மாட்டினார்கள்.

ஒளி எங்கேயாவது தடைபட்டால் தானாகவே அணைந்துவிடும்படி அந்தக் கருவியைச் செய்திருந்தார்கள். ஆனால் காலால் மிதிக்கும் பெடல் அணையாது. மிதித்தால் 'பீப்' என்று சத்தம் மட்டும் வரும். ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தது. முதல் நாள் என்பதால் அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் மிதித்தார், கருவி பீப் என்றது, நர்ஸ் 'ஒன்று' என்று எழுதினார். இப்படி முப்பத்திரண்டு எழுதியதும் எல்லோரும் கைதட்டினார்கள். மெஹபூப் அலி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு துஆ சொன்னார். டாக்டர்களெல்லாம் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர்கள், இது சந்தனத்தையும் துளைத்துக்கொண்டு போகும் வெளிச்சமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். பதினோராவது படியில் பழக்கத்தால் நின்றார். ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்குப் போனார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது, வலி இல்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. அஃப்சருன்னிசா அடுப்பைப் பார்த்தபடி செல்போனில் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தவள் போனை வைக்கவே இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இதைச் சொல்லும்போது மெஹபூப் அலி என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது அப்போது சுத்தமாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து தியாகராய நகரில் ஒரு பெரிய ஹாலில் மையம் வெற்றி விழா எடுத்தது. மேடையில் அவருக்குப் பொன்னாடை. சந்திரமௌலி முக்கால் மணி நேரம் பேசினார். இதுவரை மருத்துவம் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது, நாங்கள்தான் துணிந்து போட ஆரம்பித்திருக்கிறோம் என்றார். இந்த முப்பத்திரண்டு ஓட்டையும் முப்பத்திரண்டு ஜன்னல்கள் என்றார். பிறகு நோயாளியே பேசட்டும் என்று மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

மெஹபூப் அலிக்கு மேடைப் பேச்சு வராது. நன்றி சொல்ல வேண்டும், மெஷினைப் புகழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. "நான் கண்ணாடிக் கடைக்காரனுங்க. மெஷினோட கண்ணாடி மேல சந்தனம் ஃபுல்லா அடைச்சிக்கினு இருந்துச்சு, நானே பாத்தேன். அதையும் மீறி வெளிச்சம் உள்ள பூந்து ஓட்டை போட்டுகீதுன்னா, அது எம்மாம் பெரிய மெஷினா இருக்கணும் பாருங்க" என்றார். ஹாலில் பாதிப் பேர் கைதட்டினார்கள். டாக்டர்களாக இருந்த மீதிப் பேர் தட்டவில்லை.

அன்று மாலையே துரைராஜ் கருவியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பெடல் மிதித்தது முப்பத்திரண்டு முறை. வெளியே வந்த ஒளி பூஜ்யம்.

குழு கூடியது. மெஹபூப் அலியை வரச் சொல்லி, காரணம் சொல்லாமல், ட்ரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். வேகத்தைக் கூட்டினார்கள், சாய்வைக் கூட்டினார்கள். அவர் நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். ஏழு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்கோ, பாய்" என்றார் சந்திரமௌலி. "துளியூண்டு இருந்தாலும் போறும்."

இல்லாததை எப்படிச் சொல்வது என்று மெஹபூப் அலி சங்கடப்பட்டார். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று துரைராஜ் பிறகு எனக்குச் சொன்னார். இனிமேல் எல்லா நோயாளிக்கும் சந்தனம் வைத்தே செய்யலாம், பலன் கிடைத்திருக்கிறதே என்றார் ஓர் உறுப்பினர். எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் வைத்தது என்று குறிக்கவில்லையே என்று இன்னொருவர் மறுத்தார். எல்லாம் மனசு செய்கிற வேலை என்று மூன்றாமவர் சொன்னதும், மனசு நம் துறை இல்லை என்று அவரை உட்கார்த்திவிட்டார்கள். வெளியே வந்த சந்திரமௌலியிடம் மெஹபூப் அலி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் மாடி ஏறலாங்களா, கூடாதுங்களா?"

"லெட்டர்ல வரும்" என்றார் டாக்டர்.

லெட்டர் வரும்வரை ஏற வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் அவர் ஏறிக்கொண்டிருந்தார். விடிகாலைத் தொழுகைக்கு இறங்கி, ஏறி, கடைக்கு இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி. லெட்டரோ ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். இன்னொருவர் பச்சை மையில்தான் போடுவார், அந்தப் பேனா கிடைக்கவில்லை.

நவம்பர் இருபத்தாறாம் தேதி கூரியர்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். மூன்று மாடியெல்லாம் தன்னால் ஏற முடியாது என்றார். மெஹபூப் அலி இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். படித்துக்கொண்டே ஏறினார். 'பொருள்: தாங்கள் குணமடைந்தது தொடர்பாக' என்பதை முதல் மாடிக்குள் படித்து முடித்தார். பார்வையில் காணும் கடிதங்கள், குழுக் கூட்ட எண்கள் எல்லாம் இரண்டாவது மாடி வரை வந்தன. அங்கே விஷயம் ஆரம்பித்தது. தங்களுக்கு லேசர் சிகிச்சை அளிக்கப்படவில்லை என்பது கருவியின் பதிவுகளால் உறுதியாகிறது. அளிக்கப்படாத சிகிச்சையால் குணமடைவதற்கு மையத்தின் விதிகளில் இடமில்லை. எனவே தாங்கள் குணமடைந்தது இக்கடித நாள் முதல் ரத்து செய்யப்படுகிறது. தாங்கள் முன்பிருந்த நிலையிலேயே இருப்பதாகக் கருதி, மறு உத்தரவு வரும்வரை தரைத்தளத்திலேயே வசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மறுசிகிச்சைக்கு வலியுடன் நேரில் வரவும்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. பழைய இடம், பழைய பிடி. நாக்கடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

காலடிச் சத்தம் நின்றதைக் கேட்டு அஃப்சருன்னிசா மேலே வாசலுக்கு வந்தாள். வீட்டில் அவர்கள் உருதுவில் பேசுவார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

"என்ன ஆச்சு?"

"எனக்கு அவங்க ஒண்ணுமே பண்ணலையாம். லெட்டர் போட்ட தேதியிலேர்ந்து நான் குணமானது ரத்தாம்."

அவர் முகம் வேர்த்திருந்ததை அவள் பார்த்தாள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, படியில் உட்கார்ந்து, குழந்தைகள் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாகத் தன்னை நகர்த்திக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கிவந்தாள். ஒன்றரை வருடமாக அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து லெட்டரைப் பிடுங்கினாள். அவள் வாணியம்பாடியில் உருதுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும்.

"இது தேதியா? நாலு, பதினொண்ணு?"

"ஆமாம்."

"இன்னிக்கு இருபத்தாறு. இந்த இருபத்திரண்டு நாளா தினம் மேலே ஏறி வந்து என்கூட சாப்பிட்டது யாரு?"

மெஹபூப் அலி யோசித்தார். குழுவின் கேள்விகளைப் போல இல்லாமல் இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்குள், அவள் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அடுப்பில் வேறு குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அடிப்பிடிக்கும் வாசனை வந்துவிட்டது. அவர் எழுந்தார். அவள் இரண்டு கையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்துப் பிடித்து, ஒரு படி தூக்கினார். பிறகு அடுத்த படி.

பாதி வழியில், நெஞ்சு வலிக்கிறதா என்று அவள் பயந்துகொண்டே கேட்டாள்.

"பேசாம படியைப் பாரு" என்றார் மெஹபூப் அலி. "நீ ரொம்ப கனமா இருக்கே."